மூன்றாம் இடத்து அதிகாரி: ஃபிஜியில் ரம்புகா ஆட்சிக்கு வந்த வழி

குன்னூரை ஒட்டி, நீலகிரி மலைமேல் இருக்கிறது வெலிங்டன். அங்குள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்கு இந்தியாவின் முப்படையினரோடு வேற்று நாட்டு அதிகாரிகளும் ஆண்டுதோறும் வந்து படிக்கிறார்கள். 1979-ல் அப்படிப் படித்துத் திரும்பிய ஒருவர் தென் பசிபிக் கடலின் ஃபிஜித் தீவுகளைச் சேர்ந்த சிதிவேனி ரம்புகா. அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி. நாட்டு அணிக்காக ரக்பி ஆடியவர். மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்பவர். இந்தியாவிலிருந்து முதல் கூலிக் கப்பல் ஃபிஜிக்குப் போய்ச் சேர்ந்து அந்த ஆண்டோடு சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1987 மே 14 காலை பத்து மணிக்கு, அதே ரம்புகா தலைநகர் சுவாவில் நாடாளுமன்றத்துக்குள் இருந்தார். முகமூடி அணிந்த பத்துப் பேர் அளவிலான சிப்பாய்கள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்த பிரதமர் திமோதி பவாண்ட்ராவும் அவருடைய கட்சியினரும் வெளியே நிறுத்தப்பட்டிருந்த ராணுவ வண்டிகளில் ஏற்றப்பட்டார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. யாரும் சாகவில்லை. சில நிமிடங்களில் ஒரு நாட்டின் ஆட்சி கைமாறியது. சுதந்திரம் பெற்ற தென் பசிபிக் தீவு நாடுகளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. முதல் கப்பலான லியோனிதாஸ் வந்து சேர்ந்ததும் ஒரு மே 14-ஆம் தேதிதான், 1879-ல்.

நம் செய்தித்தாள்களில் அவர் பெயர் ‘ரபுகா’ என்றே வரும். ஃபிஜி மொழியில் அந்தப் ‘பு’வுக்கு முன் எழுத்தில் தெரியாத ஒரு ‘ம்’ உண்டு. வரைபடத்தில் நாடி என்று காணப்படும் ஊரை அங்குள்ளவர்கள் நாண்டி என்று சொல்வதும் இதே கணக்கில்தான்.

ரம்புகா அன்று லெப்டினன்ட் கர்னல். படையில் அவருக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள். தளபதி எபேலி நைலத்திகாவ் அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தார். அடுத்த இடத்து அதிகாரிக்கு விஷயமே தெரியாது. மூன்றாம் இடத்தில் இருந்த ஒருவர் தலைமையின் உத்தரவு இல்லாமல் படையை நகர்த்துகிறார், படையும் நகர்கிறது. இது எப்படி நடந்தது? அவருடைய துணிச்சலைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. மூன்றாம் இடத்து அதிகாரி ஒருவர் கைநீட்டினால் எட்டும் தூரத்தில் ஆட்சி இருந்தது என்றால், அதை அங்கே கொண்டுவந்து வைத்தவர்கள் வேறு பலர். கதையை நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்து தொடங்க வேண்டும்.

1874 அக்டோபர் 10-ல் ஃபிஜியின் தலைவர்கள் தீவுகளைப் பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த ஆண்டே அம்மை நோய் வந்தது. தீவுகளுக்கு முன்பின் அறியாத தட்டம்மை. நாற்பதாயிரம் பேர் மாண்டார்கள் என்பது கணக்கு. மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். தங்கள் இனம் பூண்டற்றுப் போய்விடுமோ என்ற அச்சம் பூர்வகுடி மக்களின் மனத்தில் குடியேறியது இப்படித்தான். பின்னாளில் அரசியல்வாதிகள் இந்த அச்சத்தை எப்படியெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கும்போது நமக்குக் கோபம் வரலாம். ஆனால் அந்த அச்சம் பொய்யாகக் கட்டப்பட்டதல்ல.

முதல் ஆளுநர் ஆர்தர் கோர்டன் இரண்டு முடிவுகளை எடுத்தார். பூர்வகுடிகளின் நிலத்தை விற்கக் கூடாது. பூர்வகுடிகளைத் தோட்ட வேலைக்கு இழுக்கவும் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலனிக்குப் பணம் வேண்டும், பணத்துக்குக் கரும்பு வேண்டும், கரும்புக்கு ஆள் வேண்டும். கோர்டன் ஏற்கெனவே டிரினிடாடிலும் மொரீஷியஸிலும் ஆளுநராக இருந்தவர். ஆள் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்டார்கள். ‘அக்ரிமென்ட்’ என்ற சொல் அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆனது. அவர்கள் ‘கிர்மிட்டியா’ ஆனார்கள். முதலில் எல்லாக் கப்பல்களும் கல்கத்தாவிலிருந்து. 1903-லிருந்து சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கினர் தென்னிந்தியர்: தமிழர், தெலுங்கர், மலையாளிகள். நாண்டியில் இன்றும் நிற்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும், 1926-ல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கமும் அதன் பள்ளிகளும் அவர்கள் விட்ட தடங்கள்.

ஒப்பந்தம் முடிந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. குத்தகைக்கு நிலம் எடுத்துக் கரும்பு போட்டார்கள். நிலம் மட்டும் ஒருபோதும் அவர்களுடையதாக ஆகவில்லை. நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் பூர்வகுடிக் குலங்களுக்குச் சொந்தம், விற்க முடியாதது. 1976-ல் வந்த சட்டம் குத்தகைக்கு முப்பது ஆண்டு என்று வரம்பு கட்டியது. மூன்று தலைமுறை உழுத மண்ணில் தான் குத்தகைக்காரன்தான் என்ற நினைப்போடு ஒரு பக்கம் வாழ்ந்தது. மண் நம்முடையது, ஆனால் கடையும் காசும் படிப்பும் அவர்களிடம் போய்விட்டன என்ற நினைப்போடு இன்னொரு பக்கம் வாழ்ந்தது. 1946 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினர் எண்ணிக்கையிலும் பூர்வகுடிகளை மிஞ்சினார்கள்.

இதில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் 1987-ஐப் புரிந்துகொள்ள அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அது படை.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது பூர்வகுடி இளைஞர்கள் தங்கள் தலைவர்களின் அழைப்பை ஏற்றுத் திரளாகப் படையில் சேர்ந்தார்கள். சாலமன் தீவுக் காடுகளில் போரிட்டார்கள். செஃபனாயா சுகனைவாலு என்ற கார்ப்பரல், இறந்தபின் விக்டோரியா கிராஸ் பெற்றார். ஃபிஜி இந்தியர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: வெள்ளைச் சிப்பாய்க்கு என்ன சம்பளமோ அதுவே எங்களுக்கும். அரசு மறுத்தது, அவர்கள் விலகி நின்றார்கள். 1943-ல் கரும்பு விலைக்காக விவசாயிகள் அறுவடையை நிறுத்தினார்கள், முன்னின்றவர்களில் ஏ. டி. படேலும் சுவாமி ருத்ரானந்தாவும் இருந்தார்கள். கோரிக்கை நியாயமானது. கூலிக்காரனாக வந்தவனின் பேரன் சம ஊதியம் கேட்டதில் என்ன பிழை? ஆனால் போர்க்காலத்தில் துரோகம் செய்தவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. போருக்குப் பிறகும் படை ஓர் இனத்தின் படையாகவே இருந்தது. 1950-களில் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களை எதிர்த்துப் போரிட்ட ஃபிஜிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் பெனாயா ஙனிலாவ் என்ற பரம்பரைப் பெருந்தலைவர். 1987-ல் அவரே நாட்டின் கவர்னர் ஜெனரல், அதாவது இங்கிலாந்து அரசியின் பிரதிநிதி.

1970 அக்டோபர் 10-ல் சுதந்திரம் வந்தபோது சிறிய படையே இருந்தது. அதைப் பெருக்கியது வெளிநாட்டு அமைதிப்படைப் பணி. 1978-ல் ஐக்கிய நாடுகள் சபைக்காக லெபனானுக்கு அமைதிப்படை அனுப்ப ஃபிஜி ஒத்துக்கொண்டது. 1982-ல் சினாய் பாலைவனத்துக்கும் ஆள் போயிற்று. எதிரியே இல்லாத ஒரு தீவு நாட்டில் போர்க்களம் பார்த்த, சோதனைச்சாவடி நடத்தத் தெரிந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் உருவானார்கள். வேலையில்லாத கிராமத்து இளைஞனுக்கு அது சம்பளம், மரியாதை, வெளிநாடு. ரம்புகா லெபனானில் பணியாற்றினார். சினாயில் படைப்பிரிவுக்குத் தலைமை வகித்தார். சிப்பாய்கள் அவரை அறிந்தது சுவா தலைமையகத்தில் அல்ல, அந்தக் களங்களில். மேலதிகாரியைக் கேட்காமல் அவர் சொன்னதைச் செய்ய ஆட்கள் இருந்ததற்கு இது ஒரு காரணம்.

அரசியல் பக்கம், 1970 முதல் பதினேழு ஆண்டுகள் கமிசேசே மாரா பிரதமர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த பெருந்தலைவர், கிழக்குத் தீவுகளின் குலப்பெருமை உள்ளவர். 1977 ஏப்ரலில் அவர் கட்சி தோற்றது. இந்திய வம்சாவளியினரின் தேசிய கூட்டமைப்புக் கட்சி முன்னணியில் வந்தும், தலைமைக்கு யார் என்று தங்களுக்குள் இழுபறி செய்தது. அன்றைய கவர்னர் ஜெனரல் மாராவையே திரும்பப் பதவியேற்க அழைத்தார். வாக்குப்பெட்டி சொல்வதைப் பெருந்தலைவர்கள் திருத்தலாம் என்ற எண்ணம் அப்போதே விதைக்கப்பட்டது.

1987 ஏப்ரலில் கதை மாறியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தொழிற்சங்கங்களிலிருந்து பிறந்த தொழிலாளர் கட்சி, தேசிய கூட்டமைப்போடு சேர்ந்து 52 இடங்களில் 28 பிடித்தது. மாராவுக்கு 24. பிரதமர் பவாண்ட்ரா பூர்வகுடி, ஆனால் மேற்குப் பகுதியைச் சேர்ந்த மருத்துவர். கிழக்கின் பெருங்குடும்பங்களைச் சேர்ந்தவரல்லர். அமைச்சரவையில் பாதிப்பேர் இந்திய வம்சாவளியினர். ‘இந்தியர் ஆட்சி’ என்று தெருவில் கோஷம் எழுந்தது. தௌகெய் இயக்கம் என்ற பெயரில் பூர்வகுடித் தேசியவாதிகள் ஊர்வலங்கள் நடத்தினார்கள், சாலைகளை மறித்தார்கள். தாங்கள் ஆளப் பிறந்தவர்கள் என்று நினைத்திருந்த குடும்பங்களின் ஆதங்கமும், நிலம் போய்விடும் என்ற எளிய மக்களின் அச்சமும் ஒரே ஊர்வலத்தில் நடந்தன. இரண்டையும் ஒன்றாகக் கட்டியது இனம் என்ற கயிறு. பவாண்ட்ரா அரசு நிலச் சட்டத்தில் கைவைக்கவே இல்லை. அரசியலமைப்பின்படி அது அவ்வளவு எளிதில் முடியவும் முடியாது.

இந்தப் பின்னணியில் மே 14-ஐப் பார்த்தால், ரம்புகா படையெடுத்து வென்றவராகத் தெரியவில்லை. யாரோ செய்ய வேண்டும் என்று பலர் எதிர்பார்த்ததைச் செய்தவராகத் தெரிகிறார். அவர் வனுவா லெவு தீவில், தகாவுண்ட்ரோவே பகுதியின் ட்ரெக்கெனிவாய் கிராமத்தில், பெருந்தலைவர் குடும்பம் அல்லாத வீட்டில் 1948-ல் பிறந்தவர். அவருடைய குலத்துக்குப் பரம்பரைக் கடமை பெருந்தலைவருக்குப் போர்வீரராக நிற்பது. ஃபிஜி மொழியில் ‘பத்தி’ என்பார்கள். கவர்னர் ஜெனரல் ஙனிலாவ் அதே தகாவுண்ட்ரோவேயின் பெருந்தலைவர்களில் ஒருவர். ஆட்சியைப் பிடித்த கையோடு ரம்புகா அவரிடம்தான் போனார். அரசியலமைப்பின் காவலர் ஒருவர், அதை உடைத்த அதிகாரி ஒருவர். அதற்கு அடியில் தலைவரும் அவருடைய வீரரும். நீதிபதிகள் இந்தக் கவிழ்ப்பு சட்டவிரோதம் என்று ஙனிலாவிடம் சொன்னார்கள். ஆனால் மாரா ரம்புகாவின் அமைச்சர் குழுவில் சேர்ந்துகொண்டார். பூர்வகுடிப் பெருந்தலைவர்களின் அவையான தலைவர்களின் பெருமன்றம் கூடி ரம்புகாவுக்கு ஆதரவு தெரிவித்தது. மூன்றாம் இடத்து அதிகாரி விரைவிலேயே படைத்தளபதியானார்.

அதன்பின் நான்கு மாதம் இழுபறி. செப்டம்பரில் ஙனிலாவின் முயற்சியில் மாராவும் பவாண்ட்ராவும் சேர்ந்து இடைக்கால அரசு நடத்த டெயூபா என்ற இடத்தில் உடன்பாடு கண்டார்கள். இரண்டே நாளில், செப்டம்பர் 25-ல், ரம்புகா மறுபடி ஆட்சியைக் கவிழ்த்தார். இந்த இரண்டாவது கவிழ்ப்பில்தான் அவர் தம் தலைவர்களையும் மீறினார். அக்டோபரில் ஃபிஜி குடியரசு என்று அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்து அரசியின் முடியாட்சி போனது, காமன்வெல்த் உறுப்புரிமையும் போனது. டிசம்பர் 5-ல் ஆட்சியை ஙனிலாவிடம் திருப்பிக் கொடுத்தார்: ஙனிலாவ் குடியரசுத் தலைவர், மாரா பிரதமர், ரம்புகா உள்துறை அமைச்சர். தேர்தலில் தோற்ற மாரா துப்பாக்கியின் தயவில் பழைய நாற்காலிக்குத் திரும்பியிருந்தார்.

மேலே இப்படிப் பதவிகள் கைமாறிக்கொண்டிருந்தபோது கரும்புத் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரிகைகள் மூடப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கவும் வேலை செய்யவும் விளையாடவும் தடை வந்தது; இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவ ஓய்வுநாளைக் கடைப்பிடிக்க வேண்டியதாயிற்று. சுவாவில் இந்தியர்கள் தாக்கப்பட்டார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. ஃபிஜி டாலரின் மதிப்பு அதே ஆண்டில் இருமுறை குறைக்கப்பட்டது. போக வழி இருந்தவர்கள் கிளம்பினார்கள்: மருத்துவர்கள், ஆசிரியர்கள், கணக்கர்கள். ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று குடும்பங்கள் சிதறின. 1986-ல் மக்கள்தொகையில் 48.7 விழுக்காடாக இருந்த இந்திய வம்சாவளியினர் 1996-ல் 43.7 ஆனார்கள், 2007-ல் 37.5. குண்டு வெடிக்காத, இரத்தம் சிந்தாத கவிழ்ப்பு என்று இதைப் பற்றி எழுதுபவர்கள் இந்த எண்களையும் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டாம் முறை கடல் கடந்தார்கள்.

துப்பாக்கியால் வந்தவர் வாக்கால் பிரதமரானது அடுத்த கட்டம். 1990-ல் புதிய அரசியலமைப்பு வந்தது. 70 இடங்களில் 37 பூர்வகுடிகளுக்கு, 27 இந்திய வம்சாவளியினருக்கு. ஒவ்வோர் இனமும் தன் இனத்துக்கே வாக்களிக்கும். பிரதமர் பூர்வகுடியாகவே இருக்க வேண்டும். 1987-ல் செய்ததற்காக ரம்புகா மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் உண்டு. தலைவர்களின் பெருமன்றம் தனக்கென்று ஒரு கட்சி தொடங்கியது. சீருடையைக் கழற்றிய ரம்புகா 1991-ல் அதன் தலைமைக்குப் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் மாராவின் மனைவி லாலா மாரா. ரேவா பகுதியின் பெருந்தலைவி. தலைவர்களின் கட்சியில், தலைவர் குடும்பத்தில் பிறக்காதவர் பெருந்தலைவியைத் தோற்கடித்தார். பெருந்தலைவர்களுக்காகக் களமிறங்கிய வீரர் அவர்களுடைய இடத்தையே எடுத்துக்கொண்டார். தளபதி நாற்காலியைவிட இந்த வெற்றிதான் அவருடைய வாழ்க்கையின் உண்மையான ஏற்றம் என்று எனக்குப் படுகிறது.

1992 தேர்தலில் அவருடைய கட்சி முதலிடம் பெற்றாலும் தனித்து ஆள எண்ணிக்கை போதவில்லை. உள்ளுக்குள் போட்டியும் இருந்தது. அப்போது அவரைப் பிரதமராக்கக் கைகொடுத்தது யார்? மகேந்திர சௌத்ரியின் தொழிலாளர் கட்சி. 1987-ல் அவர் யாரை வண்டியில் ஏற்றினாரோ அதே கட்சி. அரசியலமைப்பை மறுபரிசீலனை செய்வேன், குத்தகைச் சட்டத்தையும் தொழிலாளர் சட்டங்களையும் பார்ப்பேன் என்று எழுத்தில் வாக்குறுதி வாங்கிக்கொண்டு ஆதரவு தந்தார்கள். வாக்குறுதிகளில் பெரும்பாலானவை நிறைவேறவில்லை, ஆதரவு விலகியது. 1993 நவம்பரில் அவருடைய கட்சிக்காரர்கள் சிலரே வரவுசெலவுத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். 1994 பிப்ரவரியில் மறுதேர்தல், மறுபடி வந்தார். அடுத்த ஆண்டு அரசுக்குச் சொந்தமான ஃபிஜி தேசிய வங்கி வாராக்கடனில் மூழ்கியது. பூர்வகுடிகளை முன்னேற்றும் பேரில் வேண்டியவர்களுக்கு அள்ளிவிட்ட கடன்கள் அதில் பெரும்பங்கு. பூர்வகுடிகளின் பெயரால் வந்த ஆட்சியில் சாதாரணப் பூர்வகுடிக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு அந்த வங்கியின் கணக்குப் புத்தகமே பதில்.

எனினும் இதே மனிதர்தான் 1997-ஐயும் செய்தார். நியூசிலாந்தின் முன்னாள் கவர்னர் ஜெனரல் பால் ரீவ்ஸ், பூர்வகுடி அரசியல்வாதி தோமாசி வகதோரா, வரலாற்றாய்வாளர் பிரிஜ் லால் ஆகிய மூவர் குழு நாடெங்கும் கருத்துக் கேட்டு 1996-ல் அறிக்கை கொடுத்தது. தேசிய கூட்டமைப்பின் தலைவர் ஜெய் ராம் ரெட்டியும் ரம்புகாவும் உட்கார்ந்து பேசினார்கள். ரெட்டி 1987-ல் பவாண்ட்ராவின் அமைச்சரவையில் இருந்தவர். தம்மைப் பதவியிலிருந்து இறக்கியவரோடு ஒரே மேசையில் உட்கார அவருக்கு எவ்வளவு மனம் வேண்டியிருந்திருக்கும்! 1997-ல் தலைவர்களின் பெருமன்றத்தில் ரெட்டி உரையாற்றினார். இந்திய வம்சாவளித் தலைவர் ஒருவர் அந்த மன்றத்தில் பேசியது அதுவே முதல் முறை. புதிய அரசியலமைப்பு நிறைவேறியது. யாரும் பிரதமராகலாம். 71 இடங்களில் 25 எல்லா இனத்துக்கும் பொது. பத்து விழுக்காடு இடம் பெற்ற கட்சிக்கு அமைச்சரவையில் உரிமை. அதே ஆண்டு அக்டோபரில் ஃபிஜி காமன்வெல்த்துக்குத் திரும்பியது.

மனமாற்றமா, கணக்கா? முதலீடு வரவில்லை, படித்தவர்கள் போய்விட்டார்கள், 1976 சட்டத்தின்கீழ் நீட்டிக்கப்பட்ட பழைய குத்தகைகள் முடியத் தொடங்கியிருந்தன. இப்படியே நடத்த முடியாது என்று தெரிந்திருக்கும். இரண்டும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எந்தக் காரணமானாலும், தம்மைத் தோற்கடிக்கக்கூடிய ஒரு சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார், அது தோற்கடிக்கவும் செய்தது. 1999 மே தேர்தலில் ரம்புகாவின் கட்சிக்கு எட்டு இடம். ரெட்டியின் கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. சமரசம் செய்த இருவரையும் இரு பக்க வாக்காளர்களும் தண்டித்தார்கள். சௌத்ரியின் தொழிலாளர் கட்சி 37 இடங்களோடு வந்தது. மே 19-ல் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முதல் பிரதமராக அவர் பதவியேற்றார். ரம்புகா அமைதியாக விலகினார். ஆட்சியைப் பிடித்தவர் தேர்தல் தோல்வியை ஏற்று வீட்டுக்குப் போன காட்சி உலகில் அதிகம் கிடையாது. அதற்குரிய மதிப்பை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் 1987-ல் அவர் காட்டிக்கொடுத்த வழி அவரோடு வீட்டுக்குப் போகவில்லை. சரியாக ஓராண்டில், 2000 மே 19-ல், ஜார்ஜ் ஸ்பைட் என்ற வணிகர் ஆயுதக் கும்பலோடு நாடாளுமன்றத்தில் நுழைந்து சௌத்ரியையும் அமைச்சர்களையும் 56 நாள் பிணையாக வைத்திருந்தார். அவருக்குத் துப்பாக்கி ஏந்தியவர்கள் ராணுவத்தின் தனிப்படைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்தப் பிரிவை 1987-ல் ஏற்படுத்தியவர் ரம்புகா. இந்த முறை குடியரசுத் தலைவராக இருந்த மாராவே பதவியை இழந்தார். படைத்தளபதி ஃபிராங்க் பைனிமராமா ஆட்சியைக் கையில் எடுத்து, பிறகு லைசேனியா கராசே என்ற வங்கியாளரிடம் கொடுத்தார். நவம்பர் 2-ல் அதே தனிப்படைப் பிரிவு சுவா ராணுவ முகாமில் கலகம் செய்தது. பைனிமராமா மரவள்ளித் தோட்டத்தின் ஊடே ஓடித் தப்பினார். எட்டுப் பேர் செத்தார்கள். அந்தக் கலகத்தைத் தூண்டியதாக ரம்புகா மீதே பின்னர் வழக்கு நடந்தது. 2006 டிசம்பரில் விடுதலையானார். அதற்குள் பைனிமராமா, டிசம்பர் 5-ல், கராசேயைக் கவிழ்த்துவிட்டிருந்தார்.

பைனிமராமா கடற்படை அதிகாரி. இன அரசியலையும் ஊழலையும் துடைக்க வந்ததாகச் சொன்னார். ரம்புகாவுக்கு நேர் எதிரான முழக்கம், அதே கருவி. 2009-ல் 1997 அரசியலமைப்பைத் தூக்கி எறிந்தார். 2012-ல் தலைவர்களின் பெருமன்றத்தையே கலைத்தார். எந்தப் பெருந்தலைவர்களின் உரிமைக்காகப் படை முதலில் வெளியே வந்ததோ, அவர்களின் மன்றத்தை அதே படையின் இன்னொரு தளபதி ஓர் ஆணையில் மூடினார். இனவாரி இடங்கள் போயின. எல்லாக் குடிமக்களும் ‘ஃபிஜியன்’ என்ற ஒரே பெயருக்குள் வந்தார்கள். கரும்புப் பகுதிகளில் பலர் இதை வரவேற்றதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அவருடைய 2013 அரசியலமைப்பின் 131-ஆவது பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்கும் மக்களின் நல்வாழ்வுக்கும் ராணுவம் ஒட்டுமொத்தப் பொறுப்பு என்கிறது. 1987-ல் சட்டத்துக்கு வெளியே நின்று படை செய்ததற்குச் சட்டத்துக்குள்ளேயே ஒரு நாற்காலி போடப்பட்டது. 2014-லும் 2018-லும் தேர்தலில் வென்று அவர் நீடித்தார்.

2022 டிசம்பர் தேர்தலில் 74 வயது ரம்புகா புதிய கட்சியோடு எதிரே நின்றார். இரண்டு முன்னாள் தளபதிகள், ஒரு நாற்காலி. வாக்கு எண்ணிக்கையில் குளறுபடி என்று சொல்லி அவர் படைத்தளபதி ஜோனே கலோனிவாய்க்குக் கடிதம் எழுதினார். ராணுவம் தலையிடாது என்று கலோனிவாய் மறுத்தார். 55 இடங்களில் பைனிமராமா கட்சிக்கு 26, ரம்புகாவுக்கு 21, தேசிய கூட்டமைப்புக்கு 5, சொடெல்பா கட்சிக்கு 3. அந்த மூன்று இடங்கள் யார் பக்கம் என்று சொடெல்பாவின் நிர்வாகக் குழு இரண்டு முறை வாக்கெடுத்தது. இரண்டாம் முறை முடிவு 13-க்கு 12. டிசம்பர் 24-ல் நாடாளுமன்றத்தில் 28-க்கு 27 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் ரம்புகா பிரதமரானார். கூட்டணியில் இரண்டாவது பெரிய கட்சி தேசிய கூட்டமைப்பு. 1987-ல் அவர் வண்டியில் ஏற்றியவர்களின் கட்சிகளில் மற்றொன்று.

2023 மே 14. சுவாவில் ஓர் உள்ளரங்கம். மெதடிஸ்ட் சபை ஏற்பாடு செய்த நல்லிணக்க வழிபாடு. கிர்மிட் தினம் அந்த ஆண்டுதான் முதன்முதலாக அரசு விடுமுறையாக அறிவிக்கப்பட்டிருந்தது. 1987-ல் தாம் செய்ததற்காக ரம்புகா ஃபிஜி இந்தியர்களிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். பத்து நாளில் தலைவர்களின் பெருமன்றத்தையும் மீண்டும் கூட்டினார். கேட்ட மன்னிப்பை உண்மையென்று ஏற்றவர்கள் இருக்கிறார்கள். முப்பத்தாறு ஆண்டு தாமதம் என்றவர்களும் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்களில் பெரும்பகுதியினர் அந்த அரங்கில் இல்லை, அந்த நாட்டிலேயே இல்லை. பவாண்ட்ரா 1989 நவம்பரில் புற்றுநோயால் இறந்துபோனார். 131-ஆவது பிரிவு இன்னும் அரசியலமைப்பில் இருக்கிறது.